பின்னணி மங்கிய கதை

சாதாரண தரத்தில் வரலாறு படித்த எல்லாருக்கும் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு தெரியும். 1833, சட்டநிரூபண சபை, இராஜகாரிய முறை ஒழிப்பு எண்டு பரீட்சைக்குப் பாடமாக்கின விஷயம்தான். அந்தக் கமரனின் முழுப்பெயர் சாள்ஸ் ஹே கமரன். அவருடைய மனைவியைப் பற்றி எந்தப் பரீட்சையிலும் கேள்வி வந்ததாக நான் காணவில்லை. ஆனால் உலகப் புகைப்பட வரலாற்றை எழுதுகிற எவரும் கணவரை விட்டுவிட்டு மனைவியைப் பற்றித்தான் எழுதுவார்கள். அவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கேயே இறந்துபோனார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலய வளவில் இருவரின் கல்லறையும் இருக்கு.

கமரா வாங்க யோசிக்கிற பெடியள், பிள்ளையள் எல்லாரும் இப்ப கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த பிரைம் லென்ஸ் பின்னணியை நல்லா மங்க வைக்கும்?" 50 நல்லதா 85 நல்லதா, எஃப் 1.8 போதுமா, எஃப் 1.2 வேணுமா, ஃபுல் ஃபிரேம் இல்லாட்டி சரிவராதா? யூரியூப்பில் இதற்கு ஆயிரம் விடைகள் கிடைக்கும். ஆனால் இந்த மங்கலுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஒரு காலத்தில் இது பிழை. பிறகு இது வாதம். பிறகு அழகு. இப்ப இது விலை. அந்த வரலாற்றின் ஒரு துண்டு எங்கட மலையகத்துக்கும் களுத்துறைக்கும் வந்து போயிருக்கு.

வெளிச்சத்துக்காகத் திறந்த துவாரம்

1839இல் டாகர் தன்னுடைய புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது இருந்த லென்ஸ்கள் மிகவும் இருட்டானவை. துவாரம் சின்னது, உள்ளே வருகிற வெளிச்சம் கொஞ்சம். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் வேணும். கட்டடம் அசையாது, அதனால் கட்டடத்தை எடுக்கலாம். மனிதரை எடுப்பது பெரும்பாடு.

இதற்கு விடை வியன்னாவில் இருந்து வந்தது. ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் 1840இல் ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதுவரை லென்ஸ் செய்தவர்கள் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பரீட்சித்துப் பார்த்தவர்கள். பெட்ஸ்வால் முதலில் கணக்குப் போட்டார். கணக்குத் தெரிந்த பீரங்கிப் படையினர் சிலரை ஒஸ்ரிய இராணுவம் அவருக்கு உதவியாகக் கொடுத்தது. வந்த லென்ஸின் அளவு ஏறத்தாழ எஃப் 3.6. முந்திய லென்ஸ்களை விடப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம். நிமிடக் கணக்கு செக்கன் கணக்காகிற பாதை அங்கே தொடங்கியது. ஃபொய்க்லாண்டர் கம்பனி அதைச் செய்து விற்றது. பிறகு பணத்திலும் உரிமையிலும் இரண்டு பேரும் பகைத்துக்கொண்டது வேறு கதை.

பெட்ஸ்வாலின் நோக்கம் வெளிச்சம் மட்டும்தான். ஆனால் துவாரம் பெருத்தபோது அதோடு இன்னொன்றும் வந்தது. நடு மட்டும் கூர்மை, ஓரங்கள் மென்மை, முகத்துக்குப் பின்னால் இருப்பது கலங்கிச் சுழன்ற மாதிரி. அன்றைக்கு இது குறைபாடு. இன்றைக்கு அதே சுழற்சிக்காக, 2013இல் லோமோகிராபி நிறுவனம் பெட்ஸ்வால் வடிவத்தைத் திரும்பவும் செய்து விற்றது. மக்கள் முன்பணம் கட்டி வாங்கினார்கள்.

பிழை செய்த அம்மா

ஜூலியா கமரனுக்கு முதல் கமரா கிடைத்தது 1863இன் கடைசியில். அப்போது அவருக்கு வயது 48. மகளும் மருமகனும் கொடுத்த அன்பளிப்பு. அந்தக் கமராவில் இருந்ததும் பெட்ஸ்வால் வகை லென்ஸ்தான். அவர் துவாரத்தைச் சுருக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் ஈரமான இரசாயனம் பூசி, எதிரில் இருப்பவரை நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்கச் சொல்லி, மிகக் கிட்டப் போய் முகத்தை எடுத்தார். விளைவு: கண் கூர்மை, காது மங்கல். சில படங்களில் கண்கூடக் கூர்மை இல்லை.

லண்டனில் புகைப்பட இதழ்கள் அவரைத் திட்டின. குவியம் சரியாகப் பிடிக்கத் தெரியாத பெண், தகட்டில் விரலடையாளம் விடுகிறவர் எண்டு எழுதினார்கள். அவருடைய பதில் சுருக்கமாக இதுதான்: மற்றவர்கள் படம் முழுக்கக் கூர்மையாகும் வரைக்கும் லென்ஸைத் திருகுகிறார்கள், நான் அழகு தெரிகிற இடத்தில் நிறுத்துகிறேன். எது சரியான குவியம் எண்டு தீர்மானிக்கிற உரிமை ஆருக்கு என்ற கேள்வியை ஒரு பெண் அன்றைக்கே கேட்டிருக்கிறார்.

அவர் எடுத்த முகங்கள்: விஞ்ஞானி ஹேர்ஷல், எழுத்தாளர் கார்லைல், கவிஞர் டெனிசன், சாள்ஸ் டார்வின். பின்னால் கறுப்பு, அல்லது ஒன்றும் அடையாளம் தெரியாத மங்கல். ஹேர்ஷலின் படத்தில் அவருடைய வீடும் இல்லை, மேசையும் இல்லை, கருவிகளும் இல்லை. நரைத்த தலைமயிரும் கண்களும்தான். பின்னணியை அழித்ததும் அந்த ஆள் எந்த இடத்துக்கும் எந்த நேரத்துக்கும் உரியவர் இல்லாத "மேதை" ஆகிவிடுகிறார். பின்னணியை மங்கச் செய்வது முகத்தைப் பெரிதாக்குகிற வேலை. இன்றைக்கு 85 மி.மீ. லென்ஸ் செய்வதும் இதைத்தான்.

பிறகு அவர் இலங்கைக்கு வந்தார். கமரன் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டக் காணிகள் இருந்தன. கோப்பியில் இலைநோய் பரவிக்கொண்டிருந்த காலம். கடற்கரைப் பக்கம் களுத்துறையில் ஒரு வீடு. 1877இல் அங்கே வந்த தாவர ஓவியர் மரியான் நோர்த் தன் நினைவுகளில் ஒரு படப்பிடிப்பைச் சொல்கிறார்: கம்பளித் துணியைப் போர்த்தி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, கூரான தென்னோலைகள் தலையில் குத்த, உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு, "இயல்பாக இருங்கள்" என்று ஜூலியா கேட்டாராம். இங்கிலாந்தில் கறுப்பாக இருந்த பின்னணி இங்கே தென்னோலையாக மாறியிருக்கு.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியிருப்பவை 30 படங்களுக்கும் குறைவு. பெரும்பாலானவற்றில் இருப்பவர்கள் வீட்டு வேலையாட்களும் தோட்டத் தொழிலாளர்களும். தமிழர்களும் அதில் இருக்கிறார்கள். நிமிர்ந்து பார்க்கிற பெண்கள், கழுத்தில் மணி, கையில் குடம். ஹேர்ஷலை எடுத்த அதே கை, அதே பொறுமை. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கிலாந்துப் படங்களின் கீழே பெயர் இருக்கு. இங்கே எடுத்த படங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை. 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பு, "களுத்துறைக் குடியானவர்களின் குழு" என்ற பொருளில் இருக்கும். அவ்வளவுதான்.

அவர்கள் ஆர், எந்த ஊரில் இருந்து வந்தவர்கள், பிள்ளைகள் பிறகு எங்கே போனார்கள் என்று அந்தப் படங்களைக் கேட்டால் விடை வராது. முகம் கூர்மையாக இருந்தும் ஆள் மங்கிப் போய்விட்டார். மங்கல் லென்ஸில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை எண்டதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கூர்மைக் கட்சி

மங்கலுக்கு ஆதரவாக ஒரு கொள்கை 1889இல் வந்தது. பீற்றர் ஹென்றி எமர்சன் என்ற ஆங்கிலப் புகைப்படக்காரர், கண் எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை, அதனால் படமும் அப்படி இருக்கக்கூடாது என்று புத்தகம் எழுதினார். அடுத்த வருடமே தன் வாதத்தைத் தானே கைவிட்டார். ஆனாலும் மென்மையான, ஓவியம் மாதிரியான படங்கள் பல வருடம் மோஸ்தராக இருந்தன.

எதிர்ப்பு அமெரிக்காவில் கிளம்பியது. 1932இல் அன்செல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமொஜன் கனிங்ஹாம் முதலானோர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழு அமைத்தார்கள். குழுவின் பெயரே எஃப் 64. லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்கினால் வருகிற எண் அது. முன்னால் கிடக்கிற கல்லும் தூரத்து மலையும் ஒரே கூர்மையில் வரவேணும் என்பது அவர்கள் கொள்கை. லென்ஸின் ஒரு எண்ணை வைத்து ஒரு கட்சி தொடங்கினார்கள் எண்டு நினைத்துப் பாருங்கோ. இன்றைய எஃப் 1.2 காய்ச்சல் அவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

ஃபுல் ஃபிரேம் என்ற பெயர்

இதே காலத்தில் ஜேர்மனியில் வேறொன்று நடந்தது. ஒஸ்கார் பர்னாக் என்ற பொறியியலாளர் சினிமா ஃபிலிமைச் சின்னக் கமரா ஒன்றில் போட்டுப் பார்த்தார். சினிமாச் சட்டகத்தின் அளவு 18க்கு 24 மி.மீ. அதை இரட்டிப்பாக்க 24க்கு 36 வந்தது. 1925இல் அந்தக் கமரா லைக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நாங்கள் இப்ப ஃபுல் ஃபிரேம் எண்டு பெரிய மரியாதையோடு சொல்கிற அளவு இதுதான். அன்றைக்கு அது "சின்ன" ஃபிலிம். டிஜிட்டல் காலத்தில் மலிவான கமராக்களுக்கு அதைவிடச் சின்ன சென்சர் போட்டபோதுதான் இது "முழு" ஆனது.

பெரிய துவாரம் வேணும் என்ற ஓட்டமும் அப்போதே தொடங்கிவிட்டது, ஆனால் மங்கலுக்காக இல்லை. 1924இல் வந்த எர்மனொக்ஸ் கமராவில் எஃப் 2 லென்ஸ் இருந்தது. அந்தக் கமராவோடு எரிக் சாலமன் நீதிமன்றங்களுக்குள்ளும் இராஜதந்திரிகளின் கூட்டங்களுக்குள்ளும் போனார். ஃபிளாஷ் இல்லாமல், அறை வெளிச்சத்தில், தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் கதைப்பதையும் எடுத்தார். யூதரான அவரை நாசிகள் 1944இல் அவுஷ்விட்ஸில் கொன்றார்கள்.

சந்திரனைப் படம் எடுக்கிற திட்டத்துக்காக சைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸ்கள் மொத்தம் 10. நாசா 6 எடுத்தது. 3ஐ இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக் வாங்கி, 1975இல் வெளிவந்த பாரி லிண்டன் படத்தின் சில காட்சிகளை மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுத்தார். இவர்கள் எல்லாரும் தேடியது வெளிச்சத்தை. மங்கல் கூடவே வந்த விருந்தாளி.

விருந்தாளி வீட்டுக்காரன் ஆனது 1990களின் பிற்பகுதியில். யப்பானியர்கள் மங்கலின் அளவைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை, அதன் தன்மையையும் கவனித்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன சொல் "பொக்கே". 1997இல் ஓர் அமெரிக்கப் புகைப்பட இதழ் இந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது. பெயர் வந்ததும் அது ஒரு பொருளாகிவிட்டது. பொருள் ஆனதும் விற்கலாம்.

இப்ப கணக்குப் பார்ப்போம்

2013இல் சொனி ஏ7 வந்தது. 2018இல் நிக்கோனும் கனனும் தங்கள் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கமராக்களோடு வந்தன. உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்ததும் லென்ஸ் சென்சருக்குக் கிட்ட வந்தது. நிக்கோனின் பழைய முறையில் அந்தத் தூரம் 46.5 மி.மீ., புதியதில் 16 மி.மீ. பெரிய துவார லென்ஸ்களைச் செய்வதில் வடிவமைப்பாளருக்கு இடம் கிடைத்தது. அதைவிட முக்கியம், கமராவே கண்ணைக் கண்டுபிடித்துக் குவியம் பிடிக்கத் தொடங்கியது. முந்தி எஃப் 1.2இல் பத்துப் படம் எடுத்தால் சிலதுதான் தேறும். இப்ப பெரும்பாலும் எல்லாம் தேறுது.

எது கூட மங்கும் எண்டு பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் பிரியுங்கோ. வருவது துவாரத்தின் விட்டம்.

35 மி.மீ. எஃப் 1.4: 25 மி.மீ.
50 மி.மீ. எஃப் 1.8: 28 மி.மீ.
50 மி.மீ. எஃப் 1.2: 42 மி.மீ.
85 மி.மீ. எஃப் 1.8: 47 மி.மீ.
85 மி.மீ. எஃப் 1.4: 61 மி.மீ.
135 மி.மீ. எஃப் 1.8: 75 மி.மீ.

முகம் படத்தில் ஒரே அளவாக வரும்படி முன்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து எடுக்கிறீர்கள் எண்டு வையுங்கோ. மிகத் தூரத்தில் ஒரு தெருவிளக்கு. படத்தில் அந்த விளக்கு ஒரு வட்டமாக விரியும். அந்த வட்டம், முகம் இருக்கிற இடத்தில் வைத்து அளந்தால், துவாரத்தின் விட்டத்துக்குச் சமம். முகத்தின் அகலம் 15 சென்ரிமீற்றர் எண்டால், 135 எஃப் 1.8இல் விளக்கு முகத்தில் பாதி அளவு வட்டம். 50 எஃப் 1.8இல் ஐந்தில் ஒரு பங்கும் வராது.

இப்ப பட்டியலின் நடுப்பகுதியைத் திரும்பப் பாருங்கோ. தூரத்துப் பின்னணியை மங்க வைப்பதில் 85 எஃப் 1.8, 50 எஃப் 1.2ஐ வெல்லுது. கனனின் 50 எஃப் 1.2 லென்ஸின் அறிமுக விலை 2,299 அமெரிக்க டொலர், நிறை 950 கிராம். அதே கம்பனியின் 50 எஃப் 1.8இன் அறிமுக விலை 199 டொலர், நிறை 160 கிராம். மங்கல் மட்டும்தான் வேணும் எண்டால், அந்தப் பெரிய தொகையைக் கொடுக்கத் தேவையில்லை. சாதாரண 85 ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனால் சரி.

ஆனால் கூர்மை எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும் என்பது வேறு கணக்கு. 85 எஃப் 1.8இல் 2 மீற்றரில் நின்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். அதே அளவு முகம் வர, 50 எஃப் 1.2இல் 1.2 மீற்றரில் நின்றால் அது 4 சென்ரிமீற்றர் அளவு. அதாவது 50 எஃப் 1.2 முகத்தையே கூட மங்க வைக்கும், பின்னணியைக் குறைவாக மங்க வைக்கும். இரண்டும் ஒன்று எண்டு நினைத்துத்தான் கனபேர் காசைக் கொட்டுகிறார்கள்.

சரி, 50க்கு என்ன வேலை? 50ஓ 35ஓ பிடிக்கும்போது ஆளுக்குக் கிட்ட நிற்கிறோம், பின்னால் இடத்தின் பெரிய பகுதி சட்டகத்துக்குள் வருது. 135 பின்னணியில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கரைக்கும். கலியாண வீட்டில் மணப்பெண்ணின் முகம் மட்டும் வேணும் எண்டால் 85, 135. பந்தலும் அதில் ஓடித்திரிகிற சின்னனுகளும் வேணும் எண்டால் 35.

மங்கலின் தன்மையிலும் லென்ஸுக்கு லென்ஸ் வித்தியாசம். சிலதில் விளக்கு வட்டத்தின் விளிம்பு தடித்து, பின்னணி பதற்றமாகத் தெரியும். சிலதில் ஓரத்து வட்டங்கள் பூனைக்கண் மாதிரி நசியும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 58 மி.மீ. எஃப் 2 இந்தக் "குறை"களாலேயே இன்றைக்கும் தேடப்படுது. மிரர்லெஸ் கமராவில் ஒரு வளையம் போட்டால் அதைப் பூட்டலாம். குவியம் கையால்தான் பிடிக்க வேணும்.

ஃபோனில் உள்ள துவாரம் 4 மி.மீ. அளவுதான். அதனால் உண்மையான மங்கல் வராது. 2016இல் ஐபோன் 7 பிளஸ் "போர்ட்ரெயிற்" முறையைக் கொண்டுவந்த பிறகு மங்கலைக் கணினி வரையுது. எது ஆள், எது பின்னணி எண்டு இப்ப ஒரு மென்பொருள் முடிவெடுக்குது. பக்கத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கிற தோழியையும் சிலவேளை பின்னணிக் கணக்கில் சேர்த்துவிடும்.

பின்னால் இருப்பது

இது எங்களுக்கு ஏன் முக்கியம் எண்டால், எங்கட சமூகம் படங்களை இழந்த சமூகம். இடம்பெயர்ந்தபோது அல்பம் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை குடும்பம். தப்பிய ஒன்றிரண்டு படங்களை இப்ப எடுத்துப் பார்க்கும்போது கண் முகத்தில் மட்டும் நிற்பதில்லை. பின்னால் இருக்கிற கிடுகு வேலி, விறாந்தைத் தூண், கிணற்றடி, சுவரில் தொங்குகிற கலண்டர், எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர். அந்த வீடு இப்ப இல்லை எண்டால், அந்த வீட்டுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்தப் பின்னணி. எஃப் 1.2இல் எடுத்திருந்தால் அதுவும் இருக்காது.

இதை வைத்து மங்கல் கூடாது எண்டு சொல்ல வரவில்லை. ஜூலியா கமரனின் ஹேர்ஷல் படத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஒரு முகத்துக்கு முழு மரியாதையும் கொடுக்க மங்கல் ஒரு வழி. ஆனால் அந்த வளையத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எது நிற்க வேணும், எது போகலாம் எண்டு ஒரு முடிவு எடுக்கிறோம். கமராவை வாங்கியதும் எஃப் 1.8இல் வைத்துவிட்டுப் பிறகு தொடாமலே விடுவது, அந்த முடிவைக் கடைக்காரனிடம் கொடுப்பது.

அதனால் லென்ஸ் பற்றி என்னட்டைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கையில் காசு குறைவு எண்டால் 50 எஃப் 1.8 ஒன்று போதும். முகங்களே உங்கட வேலை எண்டால் 85 எஃப் 1.8. எதை வாங்கினாலும், ஒரு அம்மம்மாவை எடுக்கும்போது எஃப் 1.8இல் ஒன்று எடுங்கோ. பிறகு எஃப் 8க்குத் திருப்பி, அவர் இருக்கிற இடமும் தெரிய இன்னொன்று எடுங்கோ. அவருடைய பெயர், ஊர், திகதி மூன்றையும் அந்தக் கோப்போடு எழுதி வையுங்கோ. களுத்துறையில் 1878இல் கமராவுக்கு முன்னால் நின்றவர்களுக்கு ஆரும் அதைச் செய்யவில்லை.